பல் அடைப்பு: கடினமானது எது? நிலைத்திருப்பது எது?



அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், கிரேட் நிக்கோபார் தீவில் உள்ளது கேம்பல் பே என்னும் ஊர். அங்கே வேலையினிமித்தம் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மாலை வேளையில், காய்ந்த பாக்கு ஒன்றைக் கடித்த குடும்பத் தலைவரின் வாயில் 'டக்' என்று ஒரு சத்தம். முன்பு அடைத்து வைத்திருந்த கடைவாய்ப்பல்லின் அடைப்பு, பல்லின் ஒரு சுவரோடு சேர்ந்து பெயர்ந்து விழுந்துவிட்டது. இரவெல்லாம் வலி. உயர்சிகிச்சைக்குப் போர்ட் பிளேயர் செல்லவேண்டும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்நகரத்திற்கு அங்கிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கும் மேலான கடல் வழி. கப்பல் பிரயாணம் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும். அதுவும் மழைக்காலக் கடல் கொந்தளித்தால் கப்பல் எப்போது புறப்படும் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சென்னையிலோ, மும்பையிலோ, பெங்களூரிலோ வாழும் நமக்குத் தெருமுனையில் ஒரு பல் மருத்துவமனை உண்டு. அடைப்பு விழுந்தால் மறுநாள் மாலை போய் மீண்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 836 தீவுகளும் தீவுத்திட்டுகளும் கொண்ட அந்தமான் நிக்கோபாரில், மக்கள் வாழும் தீவுகள் ஏறக்குறைய 31 மட்டுமே. அவை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் நீளத்திற்குச் சிதறிக் கிடக்கின்றன. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோரில் ஏறக்குறைய 15 சதவீதம் பேரின் தாய்மொழி தமிழ். நம்மில் அநேகருக்கு அங்கே அண்ணனோ, மாமாவோ, திருமணமாகிப் போன மகளோ இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு பல் அடைப்பு எத்தனை ஆண்டு நிற்கும் என்பது, ஒரு பல் நிலைக்குமா பிடுங்கப்படுமா என்னும் கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

ஆகவேதான் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் நாம் யாவரும் ஒரே வார்த்தையைச் சொல்லுகிறோம்: "டாக்டர், இருப்பதிலேயே கெட்டியானதாகப் பார்த்து அடைத்து விடுங்கள்." கெட்டியானதுதான் நெடுநாள் நிலைக்குமா? இதைச் சற்று பொறுமையோடு சிந்திப்போம்.

கடினம் வேறு, உறுதி வேறு

கடினம் என்பது, ஒரு பொருளின் மேற்பரப்பில் கூர்மையான ஒன்றை அழுத்தும்போது, குழிவிழாமல் அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதாகும். இதை அளப்பதற்கு நூப் எண் என்று ஓர் அளவுகோல் உண்டு. வைர முனை ஒன்றை அழுத்தி, விழும் தடத்தின் நீளத்தைக் கொண்டு கணக்கிடுவார்கள்.

நம் பல்லின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் பற்சிப்பி, உடலில் உள்ள யாவற்றிலும் கடினமானது. அதன் நூப் எண் சுமார் 340. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்னும் பகுதிக்கோ சுமார் 70 மட்டுமே. வெள்ளி நிறத்தில் அடைக்கப்படும் அமல்கம் என்னும் பாதரசக் கலவைக்குச் சுமார் 110. பல் நிறத்தில் வைக்கப்படும் கம்போசிட் என்னும் பிசின் கலவைக்கு, வகைக்கு ஏற்ப 30 முதல் 80 வரை. கண்ணாடித் தூளும் அமிலமும் சேர்ந்து இறுகும் கிளாஸ் அயனோமர் சிமெண்டுக்குச் சுமார் 50. பீங்கானுக்கோ 400-க்கும் அதிகம்.

இந்த எண்களை மாத்திரம் பார்த்தால், பீங்கானே எல்லாருக்கும் ஏற்றது என்று தோன்றும். ஆனால் நம் வீட்டு அனுபவம் வேறு சொல்லுகிறது அல்லவா? பீங்கான் தட்டு கடினமானது. ஆனால் கை தவறினால் உடைந்து சிதறுகிறது. தேங்காய் நார்க்கயிறு மென்மையானது. ஆனால் படகையே இழுத்துக் கட்டுகிறது. கடினம் என்பது கீறலையும் தேய்மானத்தையும் தாங்கும் குணம். உறுதி என்பது அழுத்தத்தையும் வளைவையும் உடைவையும் தாங்கும் குணம். இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிகவும் கடினமான அடைப்பு, தனக்கு எதிரே உள்ள பல்லைத் தேய்த்துவிடக்கூடும். மெருகு குலைந்து சொரசொரப்பான பீங்கான் இதற்கு ஒரு சான்று. அடைப்பு நிலைத்து நிற்க, எதிர்ப்பல் தேய்ந்து போனால் நமக்கு என்ன லாபம்?

பொருள்களை அறிந்துகொள்வோம்

அமல்கம் நூறாண்டுகளுக்கும் மேலாக உலகமெங்கும் பயன்பட்டு வந்தது. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு முதலிய உலோகத் தூள். முழுவதும் இறுகியபின் நேரடி அழுத்தத்தை மிக நன்றாகத் தாங்கும். ஆனால் இழுவிசைக்கு முன் பலவீனமானது. ஆகையால் ஒன்றரை முதல் 2 மில்லிமீட்டர் தடிமனாவது இல்லாவிட்டால் விளிம்பு நொறுங்கும். அது பல்லோடு ஒட்டுவதும் இல்லை. குழிக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அதற்காக நல்ல பல்லிலும் கொஞ்சம் குடையவேண்டியிருக்கிறது. முழு பலம் பெற ஒரு நாள் ஆகும்.

கம்போசிட் என்பது பிசினுக்குள் நுண்ணிய கண்ணாடித் துகள்களைக் கலந்து செய்தது. இதற்கு அடிப்படையான பிசினை அமெரிக்காவின் ரஃபேல் போவன் 1962-ல் காப்புரிமை பெற்றுத் தந்தார். பல்லை அமிலத்தால் சற்றே சொரசொரப்பாக்கி, பசை தடவி, 2 மில்லிமீட்டர் அளவில் படலம் படலமாக வைத்து, நீல ஒளி காட்டி இறுகச் செய்வார்கள். பல்லோடு ஒட்டிக்கொள்வதால் நல்ல பல்லை அதிகம் குடையத் தேவையில்லை. ஆனால் இறுகும்போது அதன் கனஅளவு 2 முதல் 3 சதவீதம் வரை சுருங்குகிறது. மேலும் வேலை நடக்கும் வேளையில் உமிழ்நீரோ இரத்தமோ ஒரு துளி பட்டாலும் ஒட்டுதல் கெட்டுவிடும்.

கிளாஸ் அயனோமர் சிமெண்டை லண்டனில் ஆலன் வில்சன், பிரையன் கென்ட் என்னும் இருவர் உருவாக்கினார்கள். இது பல்லோடு வேதியியல் முறையிலேயே ஒட்டுகிறது. ஃபுளோரைடைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. சூடான தேநீரும் குளிர்ந்த இளநீரும் மாறி மாறி வரும்போது, பல் எவ்வளவு விரிந்து சுருங்குகிறதோ ஏறக்குறைய அதே அளவு இதுவும் விரிந்து சுருங்குகிறது. ஆனால் தேய்மானத்திலும் உடைவிலும் பலவீனமானது. கடைவாய்ப் பல்லில் முழு பலத்தோடு கடிக்கும்போது 50 கிலோவுக்கும் அதிகமான அழுத்தம் விழக்கூடும். இரண்டு பற்களுக்கு இடையே பரவிய பெரிய குழியில் இதை வைத்தால் அந்தப் பாரத்தை நெடுநாள் சுமக்காது.

எண்கள் சொல்லும் பாடம்

கடைவாய்ப் பற்களின் அடைப்புகளைப் பற்றிய அநேக ஆய்வுகளைத் தொகுத்து 2004-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. நூறு அடைப்புகள் வைத்தால் சராசரியாக ஆண்டுக்கு எத்தனை கெட்டுப்போகின்றன என்று அது கணக்கிட்டது. கிளாஸ் அயனோமரில் 7.2, அமல்கத்தில் 3.0, கம்போசிட்டில் 2.2; வார்த்துச் செய்த பொன் அடைப்பில் 1.4 மாத்திரம்.

இதில் உள்ள ஆச்சரியத்தைக் கண்டீர்களா? பொன் கலவை, பற்சிப்பியின் கடினத்தில் பாதியும் இல்லாதது. அதுவே மிகக் குறைவாகக் கெட்டிருக்கிறது. கம்போசிட் அமல்கத்தைவிட மென்மையானது. ஆயினும் அந்தக் கணக்கில் அது அமல்கத்தை முந்தியிருக்கிறது. பொன் அழுத்தத்தில் உடைவதில்லை. விளிம்பில் பல்லோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. பொன் வைத்துக்கொண்டவர்கள் வசதியுள்ளவர்கள், பல்லை நன்கு பேணியவர்கள் என்பதும் உண்மையாயிருக்கலாம். அதுவும் ஒரு பாடமே.

இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் உண்டு. போர்ச்சுக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில், 8 முதல் 12 வயதான பிள்ளைகளுக்கு அமல்கமும் கம்போசிட்டும் வைத்து ஏழு ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவில் நிலைத்து நின்றவை: அமல்கத்தில் 94.4 சதவீதம், கம்போசிட்டில் 85.5 சதவீதம். கம்போசிட் தோற்றதற்குப் பெரும் காரணம் அது தேய்ந்ததோ நொறுங்கியதோ அல்ல. அடைப்புக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள விளிம்பில் மீண்டும் சொத்தை பிடித்ததே. சொத்தை அதிகமுள்ள வாயில், பிசினின் விளிம்பு முதலில் விட்டுக்கொடுக்கிறது.

அப்படியானால் எது மேல்? பொருளின் பெயரை மாத்திரம் கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. வீட்டின் சுவர் கருங்கல்லாயிருந்தாலும், கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. அடைப்பின் ஆயுளும் பெரும்பாலும் அதன் நடுப்பகுதியில் இல்லை, விளிம்பில் இருக்கிறது.

தீவின் நிலைமை

இப்போது மீண்டும் தீவுகளுக்கு வருவோம். அங்கே ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும். சிமெண்டின் தூளைத் திறந்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிக் கெடும். கம்போசிட் குழல்களை வெப்பத்தில் வைத்தால் அவற்றின் தரம் குறையும். நீல ஒளி விளக்குக்கும், பல்லைக் குடையும் இயந்திரத்துக்கும், உமிழ்நீரை உறிஞ்சும் குழாய்க்கும் மின்சாரம் வேண்டும். பெருநகரத்தில் பத்து ஆண்டு நிற்கும் அதே பொருள், இவையெல்லாம் குறைவுபடும் இடத்தில் இரண்டு ஆண்டிலேயே பெயர்ந்துவிடக்கூடும். பொருளின் மேல் குற்றமில்லை. வைக்கப்பட்ட நிலைமை அப்படி.

இத்தகைய இடங்களுக்கென்றே ஒரு முறை 1980-களின் நடுவில் ஆப்பிரிக்காவின் டான்சானியா நாட்டில் உருவானது. மின்சாரமும் இயந்திரமும் இன்றி, கைக்கருவிகளால் மாத்திரம் மென்மையான சொத்தைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கெட்டியாகக் குழைத்த கிளாஸ் அயனோமரை வைத்து, வாசலின் தடவிய கையுறை விரலால் அழுத்தி அடைப்பார்கள். பெரும்பாலும் ஊசியும் தேவைப்படுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் இம்முறையை ஆதரித்து முன்வைத்தது. பல்லின் ஒரே ஒரு பரப்பில் உள்ள சிறு குழிகளுக்கு இது நல்ல பலன் தருகிறது என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. பல பரப்புகளில் பரவிய பெரிய குழிகளில் அவ்வளவு நிலைப்பதில்லை.

அந்நிறுவனம் 2021-ல் வெளியிட்ட அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில், ஃபுளோரைடு பற்பசையோடு கிளாஸ் அயனோமர் சிமெண்டும், வெள்ளியும் ஃபுளோரைடும் கலந்த ஒரு திரவமும் இடம் பெற்றன. அந்தத் திரவத்தைச் சொத்தையின் மேல் தடவினால் அவ்விடம் கறுத்துப்போகும். ஆனால் சொத்தை பரவாமல் பெரும்பாலும் நின்றுவிடும். பார்வைக்கு அழகில்லை. ஆயினும் அடுத்த கப்பல் வரும்வரை, சிறு பிள்ளையின் பல்லைக் காக்க அது உதவும்.

சிந்தித்துப் பாருங்கள். கடினத்தின் வரிசையில் கீழே நிற்கும் சிமெண்டே, வசதியற்ற இடத்தில் முதலாவதாகக் கை கொடுக்கிறது. சரியான காலத்தில், சிறிய குழியாயிருக்கும்போதே அதை வைத்தால் போதும்.

பாக்கு என்னும் சத்துரு

தீவுகளில் தென்னையும் பாக்கும் செழித்து விளைகின்றன. வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம் நிக்கோபாரி மக்களிடையே தொன்றுதொட்டு இருந்து வருகிறது. முற்காலத்தில் அங்கே சென்ற பிரயாணிகள், அவர்களுடைய பற்கள் அதனால் கறுத்திருந்ததைக் குறித்து எழுதி வைத்தார்கள். நம் தமிழ் வீடுகளிலும் இவ்வழக்கம் புதிதல்ல.

பாக்கு மென்மையான பண்டமல்ல. ஆண்டுக்கணக்கில் மெல்லும்போது பற்சிப்பியையே தேய்த்து, பல்லில் விரிசல் உண்டாக்குகிறது. உடலில் மிகக் கடினமான பற்சிப்பியே தாங்காததை, அதைவிட மென்மையான அடைப்பு எப்படித் தாங்கும்? கம்போசிட்டின் விளிம்பில் கறை ஏறும். அடைப்பைச் சுற்றியுள்ள மெல்லிய பற்சுவர் பிளக்கும். இதற்கு எந்தப் பொருளையும் குறை சொல்லிப் பயனில்லை.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. பாக்கு, புகையிலை சேராவிட்டாலும், மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அறிவித்தது. பாக்கினால் கன்னத்தின் உட்தசை நார்போல் இறுகி, வாய் திறப்பது நாளடைவில் குறைந்துபோவதும் உண்டு. வாய் திறக்காவிட்டால் கடைவாய்ப் பல்லை மருத்துவர் எப்படி எட்டுவார்? ஆகையால் உடைந்த அடைப்பின் கூர்மையான முனை நாவையோ கன்னத்தையோ உரசிப் புண் உண்டானால் அலட்சியமாயிராதிருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாதரசமும் கடலும்

ஜப்பானின் மினமாட்டா என்னும் கடலோர ஊரில், ஓர் ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு மீன்களில் சேர்ந்து, அவற்றை உண்ட மக்களை முடமாக்கிற்று. அந்நோய் 1956-ல் வெளிப்பட்டது. அவ்வூரின் பெயராலேயே 2013-ல் ஒரு சர்வதேச உடன்படிக்கை உருவாகி, 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-ல் அதை ஏற்று உறுதி செய்தது. பல் அடைக்கும் அமல்கத்தையும் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய நாடுகள், 2034-க்குள் அதை முற்றிலும் கைவிடுவது என்று தீர்மானித்தன.

மீனையே உணவாகவும் பிழைப்பாகவும் கொண்ட தீவு மக்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆயினும் ஒன்றைச் சொல்லவேண்டும். உங்கள் வாயில் பழைய வெள்ளி அடைப்பு கேடின்றி இருக்குமானால், பயந்து அதைப் பெயர்த்தெடுக்க ஓடாதிருங்கள். அதைக் குடைந்து எடுக்கும் வேளையிலேயே பாதரச ஆவி அதிகமாக வெளிப்படுகிறது. நல்ல பல்லும் சிறிது வீணாகிறது. புதிதாக அடைக்கும்போது, முக்கியமாகக் கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும், வேறு பொருளைக் கேளுங்கள்.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, வலி வரும்வரை காத்திராதிருங்கள். சிறு குழியில் எந்தப் பொருளும் நன்றாக நிற்கும். பெரிய குழியில் எந்தப் பொருளும் தடுமாறும். தீவுக்கோ தொலைதூர வேலைக்கோ புறப்படுமுன் பல்லைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு ஊர் வரும் உறவினரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, மருத்துவரிடம் "எது கெட்டியானது?" என்பதைவிட, "இந்தப் பல்லுக்கு, இந்த அளவுள்ள குழிக்கு எது ஏற்றது? நான் அடிக்கடி வர இயலாதே" என்று கேளுங்கள். குழி மிகப் பெரியதானால், அடைப்புக்குப் பதிலாகப் பல்லை மூடும் உறை நல்லதா என்றும் விசாரியுங்கள். கம்போசிட் வைக்கும்போது பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு மாட்டினால் சலித்துக்கொள்ளாதிருங்கள். அந்த ஈரமின்மையே அடைப்பின் ஆயுள்.

மூன்றாவது, அமல்கமோ கிளாஸ் அயனோமரோ வைத்த முதல் நாள் அந்தப் பக்கம் கடினமானதை மெல்லாதிருங்கள். கம்போசிட்டானால் மரத்துப்போன வாய் தெளியும்வரையாவது பொறுத்திருங்கள்.

நான்காவது, ஃபுளோரைடு பற்பசையால் காலையும் இரவும் துலக்குங்கள். அடைப்பு வைத்த பல் சொத்தைக்குத் தப்பிவிட்ட பல் அல்ல; அதிகக் கவனம் வேண்டிய பல்.

ஐந்தாவது, எந்தப் பல்லில், எந்தத் தேதியில், எந்தப் பொருள் வைக்கப்பட்டது என்று எழுதி வாங்கி, குடும்பத்தின் மற்ற ஆவணங்களோடு வையுங்கள். ஊர் விட்டு ஊர் மாறும் நமக்கு, அடுத்த மருத்துவருக்கு அதுவே சாட்சி. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் கார் நிக்கோபாரையும் கச்சாலையும் சூறையாடிய அதே சுனாமி, தாய்லாந்தின் கடற்கரையிலும் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயிற்று. முகம் அறியக்கூடாதபடி சிதைந்துபோன அங்குள்ள உடல்களில் அநேகம், பற்களையும் அடைப்புகளையும் சொந்த ஊர் மருத்துவரின் குறிப்புகளோடு ஒப்பிட்டே அடையாளம் காணப்பட்டன. உப்புநீரும் வெயிலும் அழிக்காத சிறு அடைப்பு, ஒருவரை அவருடைய குடும்பத்திடம் திருப்பிக் கொடுத்தது. ஆனால் குறிப்பு எழுதி வைக்கப்பட்டிருந்தால் மாத்திரமே அது பேசும்.

அன்பானவர்களே, கேம்பல் பேயில் கப்பலுக்காகக் காத்திருக்கும் அந்தச் சகோதரனுக்கு, உலகிலேயே கடினமான பொருளை வைத்திருந்தாலும் இப்படியே நேர்ந்திருக்கலாம். குழி சிறிதாயிருந்த நாளில் அடைத்திருந்தால், விளிம்பு ஈரமின்றி இறுகப் பொருந்தியிருந்தால், பாக்கை விட்டிருந்தால், சாதாரண சிமெண்டும் அவருக்குப் பல ஆண்டு உழைத்திருக்கும். இன்று இரவு பல் துலக்கும்போது கண்ணாடிக்கு முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். பழைய அடைப்பின் ஓரத்தில் ஒரு கருங்கோடு தெரிகிறதா? நாவால் தடவினால் ஒரு முனை தட்டுகிறதா? அப்படியானால் நாளைக்கே புறப்படுங்கள். உங்களுக்கு மருத்துவர் தெருமுனையில்தான் இருக்கிறார்.